வெளிநாட்டு ரோட்டுக்கும் மணற்காட்டுக்கும் எந்த ஜிபிஎஸ்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வெளிநாடு போய் அங்கே வாகனம் ஓட்டுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கட்டாரிலும் ஓமானிலும் வேலை செய்கிற மச்சான்மார் பெருநாள் லீவு வந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு லாண்ட் குரூசரை எடுத்துக்கொண்டு மணற்காட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். மெல்பேர்னில் இருக்கிற மகளைப் பார்க்கப் போன அப்பாவும் அம்மாவும் மருமகனோடு உள்நாட்டுப் பாலைவனம் வரைக்கும் போய் வருகிறார்கள். கனடா, லண்டன் கதை வேறு; அங்கே கார் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்கே போக முடியாது. புறப்பட முதல் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "போன் காணுமா, இல்லாட்டி ஜிபிஎஸ் ஒன்று தனியாக வாங்க வேணுமா?"

தார் ரோட்டை விட்டு இறங்காத பயணம் என்றால் போன் போதும். ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். இறங்குகிற பயணம் என்றால் போன் செத்தாலும் வேலை செய்கிற இன்னொன்று கையில் இருக்க வேண்டும். அந்த இன்னொன்று எது என்பதில்தான் காசையும் யோசனையையும் செலவழிக்க வேண்டும். ஆனால் கடைக்குப் போகிற ஆட்கள் பலர் திரையின் அளவைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையைக் கருவி சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். டேட்டா தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்கு. அதை வீட்டிலேயே வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் சிம் இல்லாத போனும் வழி காட்டும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் போக, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் இன்றைக்குச் சாதாரணப் போனே பிடிக்கிறது. வெட்டவெளியில் ஐந்து மீற்றர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்துத்தான் அனுப்பியது. அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே "இது செய்மதியை நன்றாகப் பிடிக்கும்" என்று கடைக்காரர் சொன்னால், வெட்டவெளிப் பயணத்துக்கு அந்தப் பேச்சு பெரிதாக உதவாது. விலை வித்தியாசம் வருவது வரைபடம், பற்றரி, திரை, அடிபட்டால் தாங்கும் உடம்பு என்ற நாலு இடத்திலும்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு பக்கமும் கற்சுவர் எழும்பி நிற்கிற ஓமானின் வாதிகளுக்குள், அதாவது காய்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள், சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்து வரும். புள்ளி அங்குமிங்கும் பாயும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையிலும் கேட்கிற கருவிக்கு அந்தத் தெறிப்பைப் பிரித்தறிவது சுலபம். ஜிபிஎஸ் கருவிகள் செய்கிற கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65 அப்படிப்பட்டது. புதிய போன்களிலும் இப்போது பல இதைச் செய்கின்றன. மணல்வெளிக்கு இது தேவையே இல்லை.

அப்புறம், ஐபேட் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டுக்குள் ஜிபிஎஸ் வாங்கி கிடையாது. சிம் போடக்கூடிய மாடலில்தான் இருக்கிறது. வீட்டு வைஃபையில் பார்த்தால் இடத்தைச் சரியாகக் காட்டுகிற அதே ஐபேட் பாலைவனத்தில் ஒன்றுமே தெரியாமல் விழிக்கும்.

போன்: எது வரைக்கும்?

போனில் மூன்று செயலிகளைப் பற்றிப் பேசினால் போதும். கூகுள் மேப்பில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து இறக்கி வைக்கலாம். இணையம் இல்லாதபோது அது வாகன வழியைக் காட்டும். நெரிசல் விவரமும் நடைவழியும் காட்டாது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதியும் உண்டு, இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும். ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மேப்ஸ் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுகிறவை. 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தை உலகம் முழுக்க உள்ள ஆட்கள் தாங்களே வரைந்து திருத்துகிறார்கள். பட்டணத்துக்குள் கடை, ஹோட்டல் தேடுவதற்குக் கூகுளோடு இவை போட்டி போட முடியாது. ரோட்டு முடிந்த பிறகு கதை மாறுகிறது. ஒருவர் ஜீப்பில் போய்ப் பதிந்த மாட்டுவண்டித் தடம், அதன் தரம், நடுவே உள்ள படலை எல்லாம் பல இடங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில்தான் இருக்கும். ஓர்கானிக் மேப்ஸ் முழுக்க இலவசம், குழந்தைக்கும் விளங்கும். ஓஸ்மாண்ட் கொஞ்சம் முரடு. பட்டியலுக்குள் பட்டியல் என்று போகும். இலவசப் பதிப்பில் இறக்கக்கூடிய வரைபடங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆனால் தடம் பதிவது, பிறர் பதிந்து அனுப்பிய தடம் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறப்பது எல்லாம் அதற்குள் உண்டு. காட்டுக்குப் போகிறவர் ஒரு வாரம் உட்கார்ந்து பழகினால் பிறகு அதை விடமாட்டார்.

போனின் பலவீனம் செய்மதியில் இல்லை, வெயிலில் இருக்கிறது. சுற்றியுள்ள வெப்பம் 35 பாகைக்கு மேல் போகாத இடத்தில் பாவிக்கும்படிதான் அப்பிள் நிறுவனமே ஐபோனுக்குச் சொல்கிறது. ஜூன் மாத மஸ்கட்டில் நிழலிலேயே 40ஐத் தாண்டும். கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெயிலில், சார்ஜில் மாட்டிய போன் முதலில் திரையை மங்கலாக்கும், அடுத்தது சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் சூடு ஆறும் வரைக்கும் வேலை செய்யமாட்டேன் என்று நிற்கும். இதற்கு மலிவான மருந்து, தாங்கியைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி காற்று வரும் வாயில் மாட்டுவது. காற்று நேரே போனின் முதுகில் படும். கட்டாரில் ஓட்டுகிற நம் பொடியன்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது.

ரோட்டு அலையலையாகக் கிடக்கும் இடங்களில் சார்ஜ் வயர் ஆடி ஆடிக் கழன்றுவிடும். சார்ஜ் ஏறவில்லை என்பது பத்து வீதத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொன்று: பெரிய எஞ்சினின் அதிர்வு போன் கமெராவின் உள் உறுப்பைக் கெடுக்கலாம் என்று 2021இல் அப்பிளே அறிவித்தது. பழைய போன் ஒன்றை வழிகாட்டியாக மாட்டிவிட்டு நல்ல போனைச் சட்டைப் பைக்குள் வைப்பதுதான் புத்தி. போன் போனால் வழி மட்டுமா போகிறது? வாட்ஸ்அப், வங்கி, பாஸ்போர்ட் படம், வாடகை வாகன ஒப்பந்தம் எல்லாம் அதோடு போய்விடும்.

ரோட்டுப் பயணத்திலும் தாங்கிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பிரித்தானியாவில் போனைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 200 பவுண் தண்டமும் ஆறு புள்ளிகளும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பரில் இருந்து கமெராவே மேலே இருந்து படம் பிடித்து அனுப்புகிறது. மருமகனின் லைசென்ஸில் புள்ளி விழ நாம் காரணமாக இருக்கக் கூடாது. பிரான்சுக்குள் ஓட்டப் போனால் வேகக் கமெரா இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டுப் போங்கள். அங்கே 2012இல் இருந்து அது சட்டத்துக்கு விரோதம்.

காரில் ஒட்டும் சாதாரண ஜிபிஎஸ் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. கார்மின் டிரைவ், டொம்டொம் கோ போன்றவை ரோட்டுக்கு நல்லவைதான். எந்த லேனில் போக வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டும், கோல் வந்தால் வழி மறையாது. ஆனால் பற்றரி ஒரு மணித்தியாலம் அளவுக்குத்தான் நிற்கும். வரைபடமும் விற்கப்பட்ட பிராந்தியத்துக்கு உரியது. ஐரோப்பாவில் வாங்கியதை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் வெறும் திரைதான் பார்க்கலாம். வாடகை வாகனக் கம்பனிகள் நாள் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு தருவதும் இதைத்தான். மூன்று வாரம் எடுத்தால் அந்தக் காசுக்குக் கிட்டத்தட்டப் புதிதே வாங்கிவிடலாம்.

சொந்தக்காரர் வீட்டு லாச்சிக்குள் கிடக்கிற பழைய ஜிபிஎஸ்ஸை "சும்மா கிடக்குது, கொண்டு போங்கோ" என்று தருவார்கள். வாங்கினால் முதலில் வரைபடத்தின் ஆண்டைப் பாருங்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முந்திய வரைபடம் உள்ள கருவிக்குப் படுவான்கரைக்குப் போக அந்த இடத்தில் பாலம் இருப்பது எப்படித் தெரியும்? வாகனம் ஏற்றுகிற மிதவைப் பாதைக்காகக் காத்து நின்ற காலத்திலேயே அது நிற்கும்.

ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒன்றே

இரண்டுக்கும் சேர்த்தே செய்த பெரிய கருவிகள் ஒரு தனி வகை. கார்மின் ஓவர்லாண்டர் 2019இல் ஏழு அங்குலத் திரையோடு வந்தது, வெளியான விலை 700 டொலர். அடுத்த ஆண்டு வந்த டிரெட் 800 டொலர். மோட்டார் சைக்கிளுக்கான ஸூமோ எக்ஸ்டி 500. கையிலும் பிடிக்கலாம், வாகனத்திலும் மாட்டலாம் என்று வந்த மொன்டானா 700இன் விலை பெயருக்கு நூறு குறைவு. இவற்றின் திரை வெயிலில் தெரியும், தூசிக்குத் தாங்கும், ரோட்டில் குரலும் கொடுக்கும், ரோட்டு முடிந்தால் தடத்தையும் காட்டும்.

ஸூமோ எக்ஸ்டி பற்றி மோட்டார் சைக்கிள்காரர்கள் புகழ்ந்து சொல்வது பெரும்பாலும் சரி. கையுறையோடு தொட்டாலும் திரை கேட்கும், மழைக்குள் நின்றாலும் பயமில்லை. வளைகுடாவிலேயே இருந்து வெள்ளிக்கிழமை தோறும் மணலுக்குப் போகிறவர், அவுஸ்திரேலியாவில் சொந்த நாலு சக்கர வாகனம் வைத்திருக்கிறவர், இவர்கள் இந்தக் காசைப் போடலாம். வருடக்கணக்கில் பாவிப்பார்கள். இங்கே இருந்து விசாவில் மூன்று வாரம் போய்விட்டு வருகிறவருக்கு இது வீண்செலவு. திரும்பி வந்த பிறகு கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஓவர்லாண்டரை வைத்து என்ன செய்வது?

இன்னொரு காரணமும் சொல்லலாம். பெரிய கருவி ஒன்றையே வாங்கி அதையே நம்பினால், கைவிடக்கூடிய ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறோம், விலைதான் கூட. அதே காசுக்குப் போனோடு சேர்த்து வேறொரு விதத்தில் வேலை செய்கிற சின்னக் கருவியை வாங்கினால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

கைக்குள் அடங்கும் பொத்தான் கருவி

என் தெரிவு இதுதான். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் 2019இல் 200 டொலருக்கு வந்தது. அதைவிடத் துல்லியம் வேண்டும் என்கிறவருக்கு 2020இல் வந்த ஜிபிஎஸ்மேப் 65, அதன் விலை 350. இரண்டும் இரண்டு டபிள் ஏ பற்றரியில் ஓடுகின்றன. 22எக்ஸ் 25 மணித்தியாலம், 65 பதினாறு மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. டபிள் ஏ பற்றரி ஓமானின் எந்த மூலைப் பெற்றோல் செட்டிலும் கிடைக்கும், உன்னிச்சையில் ஒரு பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சார்ஜ் பண்ண இடம் தேட வேண்டியதில்லை.

இட்ரெக்ஸின் திரை 2.2 அங்குலம்தான். வாகனம் ஓட்டிக்கொண்டே அதைப் பார்க்க நினைப்பது பைத்தியக்காரத்தனம். அது பக்கத்தில் இருக்கிறவரின் கருவி. ஆனால் அந்தத் திரைக்கு ஒரு குணம் உண்டு: வெயில் நேரே விழ விழ இன்னும் தெளிவாகத் தெரியும். போனுக்கு இது நேர் எதிர்.

மணலில் ஏன் இது வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓமானின் ஷர்கியா மணற்காடு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீற்றர் நீளம். அதற்குள் ரோட்டு இல்லை. மணல் மேடுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும்தான். "இருநூறு மீற்றரில் இடதுபக்கம் திரும்பவும்" என்று சொல்கிற எந்தச் செயலிக்கும் அங்கே வேலை இல்லை. வேண்டியது இரண்டே விஷயம். வந்த தடம், இறங்கிய இடம் இருக்கிற திசை. டயர்த் தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்றால் பின்னேரக் காற்று அதை அழித்துவிடும், அல்லது நேற்றுப் போன வேறு யாரோ ஒருவரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவீர்கள்.

செய்ய வேண்டியது இப்படி. தாரை விட்டு இறங்குகிற இடத்தில், டயர்க் காற்றைக் குறைக்க நிறுத்துவீர்கள் அல்லவா, அப்போதே இட்ரெக்ஸைப் போட்டு வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். புள்ளி நிலையாக நிற்கும் வரை பொறுத்து, முன்பக்கத்துக் குமிழைச் சற்று நேரம் அமத்திப் பிடித்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். அதற்கு "தார்" என்றோ "கேற்" என்றோ பெயர் வையுங்கள்; 001 என்று விட்டால் சாயங்காலம் எது எதென்று தெரியாது. தடம் பதியும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். திரும்ப வேண்டிய நேரத்தில் டிரக்பக் என்பதைத் தெரிவுசெய்தால் வந்த கோட்டையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வரலாம். கூடாரம் போட்ட இடத்தையும் குறியுங்கள். இரவில் வெளிக்குப் போய் வரும்போது நூறு மீற்றருக்குள் ஆட்கள் வழி தவறுகிற இடம் மணற்காடு.

இதை எல்லாம் ஓஸ்மாண்டிலும் செய்யலாம். உண்மை. ஆனால் அந்த நேரம் போன் சூடேறி நிற்கலாம், மச்சான் வீடியோ எடுத்துப் பற்றரியை முடித்திருக்கலாம். இட்ரெக்ஸுக்கு வேறு வேலை இல்லை, யாரும் அதைக் கேட்டு வாங்கமாட்டார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்தை ஒவ்வொன்றாகக் குமிழால் தேடி அமத்த வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்று எழுதி முடிக்கும்போது பொறுமை போய்விடும். கணினியோடு இணைக்கிற துளை பழைய மினி யூஎஸ்பி, அந்த வயர் இப்போது எந்த வீட்டிலும் இல்லை. கருவியோடு வருவதைப் பத்திரப்படுத்துங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜிபிஎக்ஸ் தடத்தைக் கணினி வழியாகத்தான் உள்ளே போட முடியும். ஆகவே அதைப் புறப்பட முதல் வீட்டில் செய்ய வேண்டும், பெற்றோல் செட்டில் நின்று செய்ய முடியாது. சார்ஜ் பண்ணும் டபிள் ஏ போட்டால் அமைப்பில் பற்றரி வகையையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மிச்ச அளவைப் பிழையாகக் காட்டும்.

வரைபடத்துக்கு மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து கார்மினுக்கென்று மாற்றிய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பை மைக்ரோ எஸ்டி அட்டையில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். 150 டொலருக்கு வந்த இட்ரெக்ஸ் எஸ்இ மலிவு, பற்றரியும் 168 மணித்தியாலம் என்கிறார்கள். ஆனால் அதில் வரைபடம் இல்லை, போனோடு சேர்ந்தால்தான் முழுப் பயன். போன் இல்லாத நேரத்துக்காக வாங்குகிற கருவி போனையே தேடினால் எதற்கு?

இலக்கமும் பெயரும்

எந்தக் கருவி என்றாலும் ஆட்களைக் கூடுதலாக வழி மாற்றுவது இலக்கம்தான். மட்டக்களப்பு நகரம் 7 பாகை 43 கலை வடக்கு, 81 பாகை 42 கலை கிழக்கு (ஒரு பாகைக்கு 60 கலை). அதையே தசமத்தில் எழுதினால் 7.717, 81.700. யாராவது கலையைத் தசமமாக எண்ணி 7.43, 81.42 என்று போட்டால் கருவி மறுபேச்சில்லாமல் 40 கிலோமீற்றருக்கு மேல் தென்மேற்கே, உள்நாட்டுக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விடும். இடம் ஒன்றை வாங்கும்போது எந்த முறையில் எழுதியது என்று கேட்டு, கருவியின் அமைப்பையும் அதற்கே மாற்றிவிட்டுப் போடுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஷர்கியா மணற்காட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஊர் இப்ரா. ஓமானிலேயே இப்ரி என்று இன்னொரு பட்டணம், மஸ்கட்டில் இருந்து பார்த்தால் முற்றிலும் வேறு திசையில். ஆங்கிலத்தில் கடைசி ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அவசரத்தில் தட்டினால் முழு நாளும் போய்விடும்.

வரைபடம் காட்டுவதால் மட்டும் ரோட்டு அங்கே இருந்துவிடாது. 2012 டிசம்பரில் அப்பிள் மேப்பை நம்பி அவுஸ்திரேலியாவின் மில்டுரா என்ற ஊருக்குப் போனவர்கள் 70 கிலோமீற்றர் தள்ளி மரி-சன்செட் தேசியப் பூங்காவுக்குள் போய் நின்றார்கள்; 46 பாகை வரை வெயில் ஏறக்கூடிய இடம், தண்ணீர் கிடையாது. விக்டோரியா பொலிசார் உயிராபத்து என்று அறிக்கை விட வேண்டி வந்தது. 2024 பெப்ரவரியில் குயின்ஸ்லாந்தின் கேப் யோர்க் பக்கம் இரண்டு ஜெர்மன் பயணிகள் கூகுள் காட்டிய பழைய தடத்தில் இறங்கி, வாகனம் சேற்றில் புதைந்து, ஒரு வாரத்துக்கு மேல் நடந்து கோயன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவுஸ்திரேலிய உள்நாட்டுக்குப் போகிறவர் ஹேமா நிறுவனத்தின் வரைபடத்தைப் போனில் போட்டுக்கொள்ளலாம். அந்த நிறுவனம் தன் ஆட்களையே வாகனத்தில் அனுப்பித் தடங்களைப் பார்த்து வரைகிறது. அதன் காகித வரைபடம் ஒன்றும் சீற்றுக்குப் பின்னால் கிடக்கட்டும்.

உதவி கூப்பிடுகிற கருவி

இது வழிகாட்டுவதில் இருந்து வேறான விஷயம், ஆனால் ஒரே பெட்டிக்குள் சேர்த்து விற்கிறார்கள். கார்மினின் மாடல் பெயர் முடிவில் "ஐ" என்று இருந்தால், அதாவது மொன்டானா 700ஐ, ஜிபிஎஸ்மேப் 66ஐ என்றால், அதற்குள் இன்ரீச் என்ற செய்மதிச் செய்திக் கருவியும் இருக்கிறது. இரிடியம் நிறுவனத்தின் செய்மதிகள் வழியாகக் குறுஞ்செய்தியும் அவசர அழைப்பும் அனுப்பலாம். மாதச் சந்தா கட்ட வேண்டும். போன் சிக்னல் இல்லாத பெரிய நாட்டுக்கு இது அருமையான பொருள்.

ஆனால் அதோடு இந்தியாவுக்குள் போகாதீர்கள். செய்மதித் தொடர்புக் கருவியை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது அங்கே குற்றம். 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் இன்ரீச் பையில் இருந்ததற்காக வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமானநிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டார்கள். நம் ஆட்கள் போகும்போது ஒரு தடவை சென்னையில் இறங்கிச் சாமி கும்பிட்டு, துணியும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். சென்னை வழி டிக்கெட் என்றால் "ஐ" இல்லாத மாடலை வாங்குங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் என்றால் சந்தா இல்லாத இன்னொரு வழி, பிஎல்பி என்கிற அவசர ஒளிபரப்பி. 406 மெகாஹேர்ட்ஸில் ஒரே ஒரு வேலைதான் செய்யும்: நான் ஆபத்தில் இருக்கிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன். அங்கே வாடகைக்கும் கிடைக்கிறது, மருமகனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐபோன் 14இல் இருந்து செய்மதி வழி அவசர அழைப்பு இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்கள் நாட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா அதில் உண்டு. நீங்கள் போகிற நாடும் உண்டா என்று அப்பிளின் பக்கத்தில் பார்த்துவிட்டே நம்புங்கள்.

புறப்பட முதல் இங்கேயே

ஒத்திகைக்கு நம்மிடம் இருப்பதுபோல இடம் எங்கே கிடைக்கும்? வவுணதீவைத் தாண்டி உன்னிச்சைப் பக்கம் ஒரு நாள் போங்கள். போனை விமானப் பயண முறையில் போட்டுவிட்டு, இறக்கி வைத்த வரைபடத்தில் மட்டும் ஓடுங்கள். அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு இங்கினியாகலையில் இருந்து வருகிற இடதுகரை வாய்க்கால் கட்டுகள் போதும். வரைபடத்தில் அழகான கோடாக இருப்பது நேரில் ஒரு உழவு இயந்திரம் மட்டும் போகிற வரம்பாக இருக்கும். பொத்துவிலில் இருந்து உகந்தை போகிற ரோட்டு இன்னும் நல்லது, மணலும் உண்டு, சிக்னலும் இடையிடையே போய்விடும். பின்னேரம் யானை வரும் முன் திரும்பிவிடுங்கள், அதைப் பற்றிய அறிவிப்பு எந்தக் கருவியிலும் வராது.

மாரி காலத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துக்குள் போவது எங்களுக்குத் தெரியும். செயலி அப்போதும் அதே நீலக் கோட்டைத்தான் காட்டும். ஓமானின் வாதிகளும் அதே ரகம். மலையில் மழை, இங்கே வெயில். அரை மணித்தியாலத்தில் காய்ந்த ஆறு பாயும். ஜெபல் அக்தர் மலைக்கு ஏறுகிற ரோட்டு நல்ல தார் ரோட்டுத்தான், ஆனால் அடிவாரத்தில் பொலிசார் நாலு சக்கரமும் இழுக்கிற வாகனமா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். வாடகைக்குச் சின்னக் கார் எடுத்துக்கொண்டு கூகுள் சொன்னபடி போனவர் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

வாங்குவது எங்கே என்றால், போகிற நாட்டில். கருவியோடு வருகிற வரைபடம் விற்கிற பிராந்தியத்துக்கு உரியது. அவுஸ்திரேலியாவில் வாங்கினால் அந்த நாட்டு வரைபடம் உள்ளேயே இருக்கும். உத்தரவாதமும் அங்கேயே செல்லும். சொந்தக்காரரின் விலாசத்துக்கு முன்கூட்டியே ஓடர் போட்டுவிட்டால், போய் இறங்கிய இரண்டு நாளில் பழகிவிடலாம்.

பழையதாக வாங்குவதிலும் தப்பில்லை, இட்ரெக்ஸ் சுலபத்தில் சாகாது. கடைக்குள் நின்று பார்க்காமல் வெளியே எடுத்துப்போய்ச் செய்மதிப் பக்கத்தைத் திறந்து, பட்டைகள் எழும்புகின்றனவா என்று பாருங்கள். குமிழை நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். பின்மூடியைக் கழற்றிப் பற்றரி தொடுகிற கம்பியைக் கட்டாயம் பாருங்கள். கடற்கரை ஊரில் பற்றரியோடு வருடக்கணக்கில் கிடந்த கருவி என்றால் அங்கே பச்சை பூத்திருக்கும். லேசாக இருந்தால் சுரண்டி எடுக்கலாம், கம்பியே அரித்திருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.